தண்டனைக்குப் பின்

காவிரியாறு கடலொடு கலக்கும் இடத்தில் முற்காலத்தே சிறந்து விளங்கிய நகரம் காவிரிப்பூம்பட்டினம். அந்நகரில் சோழ மன்னனுக்குரிய சிறைக்கோட்டம் ஒன்று இருந்ததாக மணிமேகலைக் காப்பியம் கூறுகின்றது. அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலை அதனுள் புகுந்து, பசியால் வாடியிருந்தோர்க்கு உணவளித்தாள். அதனை அறிந்து வியந்த மன்னன், அவள் வேண்டுவது யாதென வினவினான். அவள் பொன்னையும் மணியையும் வேண்டவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு வேண்டினாள். மன்னனும் அதற்கு இசைந்தான்.

சிறைக்கதவு திறந்தபின் மனிதனுடைய வாழ்வு என்னாகும்? அவன் இழந்த உரிமைகள் மீளுமா? இவ்வினாக்கள் இன்றும் எழுகின்றன.

கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார், 1908ஆம் ஆண்டில் அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பெற்றுச் சிறை புகுந்தார்; கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார்; 1912ஆம் ஆண்டின் இறுதியில் விடுதலை பெற்றார். ஆயினும், அவருடைய வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. கற்ற தொழிலைச் செய்ய இயலாமல், அவர் சென்னையில் வறுமையுற்று வாழ்ந்தார். பல ஆண்டுகள் கழிந்தபின், வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அவ்வுரிமம் மீண்டும் கிடைத்தது. நன்றி மறவாத சிதம்பரனார் தம் மைந்தர் ஒருவருக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். தொழில் உரிமை மீள்வது ஒருவனுக்கு எத்துணைப் பெரிய பேறு என்பதை இப்பெயரே காட்டும்.

பழைய தஞ்சை மாவட்டத்திலும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியினின்று புறப்பட்ட தொண்டர்கள், தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி ஆகிய ஊர்களின் வழியாக வேதாரணியம் அடைந்தனர். ஏப்ரல் 30ஆம் நாள் உப்புச் சட்டத்தை மீறினர். அவர்களுக்கு உற்ற துணையாய் நின்ற வேதரத்தினம் பிள்ளை சிறை சென்றார். அவருடைய சொத்துக்களும் பறிமுதல் செய்யப்பட்டன. அவ்வளவு இழந்தும் அவர் மனம் சோர்ந்தாரல்லர். 1946ஆம் ஆண்டில் வேதாரணியத்தில் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை நிறுவிப் பெண்மக்களின் கல்விக்கு வழி வகுத்தார்.

இவ்விருவரும் நாட்டின் பொருட்டுச் சிறை சென்ற சான்றோர். ஆதலின் நாடு அவர்களைப் போற்றுகிறது. சினத்தால் அறிவிழந்து பிழை செய்த எளியவன் நிலை யாது? குறுவைப் பயிர் வாடும் காலத்தில், மடைநீரின் பொருட்டு உழவர் இருவர் பூசலிடுகின்றனர். ஒருவன் மண்வெட்டியை ஓங்கி மற்றவனைக் காயப்படுத்திவிடுகிறான். வழக்கு முடிந்து, அவன் திருச்சிராப்பள்ளி மத்திய சிறையில் தண்டனையைக் கழித்து ஊர் திரும்புகிறான் எனக் கொள்வோம்.

காயமுற்றவன் துன்பம் சிறிதன்று, தண்டனை முறையானதே. ஆனால், ஒரு குற்றத்திற்கு ஒருவனை இருமுறை தண்டித்தல் ஆகாது என நம் அரசமைப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகின்றது. தண்டனை பெற்றவன் என்பதனாலேயே ஒருவன் தன் அடிப்படை உரிமைகள் அனைத்தையும் இழந்துவிடுவதில்லை என 1974ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவுறுத்தியது. அவன் நிலம் அவனுடையதே. சிறையில் இருக்கும்போது வாக்களிக்க இயலாதாயினும், வெளிவந்தபின் அவ்வுரிமை மீள்கிறது. ஈராண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவன், விடுதலைக்குப் பின் ஆறாண்டுகள் கழியும்வரை சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளனாக நிற்றல் இயலாது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வழக்கு விவரம் கேட்கப்பட்டால், உண்மையை மறைத்தல் கூடாது. சிறு குற்றமாயின் வேலையளிப்போர் அதனைப் பொறுக்கலாம் என 2016ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. மறைத்தது வெளிப்படின் கிடைத்த வேலையும் போய்விடலாம்.

சிறுவர் திறத்தில் சட்டம் மேலும் இரக்கம் காட்டுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்த குற்றம் அவருடைய பிற்கால வாழ்வுக்குத் தடையாகாது. பெரியவரைப்போல் விசாரிக்கப்படும் கொடுங்குற்ற வழக்குகளே இதற்கு விலக்கு.

சட்டம் இவ்வளவு அளித்தும், ஊரார் அளிக்க மறுப்பது ஒன்றுண்டு, அதுவே நம்பிக்கை. நடவுக்கு ஆள் தேவைப்படும்போதும் அவ்வுழவனை எவரும் அழைப்பதில்லை. அவன் பெண்ணுக்கு வரன் கேட்டு வந்தோர், செய்தி அறிந்ததும் திரும்பிவிடுகின்றனர். பள்ளியில் அவன் மகனைச் சிறைக்குச் சென்றவன் மகன் எனப் பிள்ளைகள் சுட்டி நகைக்கின்றனர். நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு எல்லை உண்டு. ஊரார் விதிக்கும் இத்தண்டனைக்கு எல்லை யாது? குற்றமே செய்யாத குழந்தைகளையும் அன்றோ இது வருத்துகிறது!

கோடையில் வெடித்துக் கிடக்கும் வயலைத் தஞ்சை உழவர் கைவிடுவதில்லை. ஆற்றில் நீர் வந்ததும் உழுது விதைக்கின்றனர். பிழையுணர்ந்து திரும்பியவனுக்கும் அத்தகைய வாய்ப்பினை நல்குதல் வேண்டும். வேலை கேட்டு வருவோனுக்கு வேலை கொடுத்தலும், அவன் மக்களைத் தம்மோடு ஒத்த தோழராக நடத்துதலும் யாவர்க்கும் இயலும். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாதல் அரசால் மட்டும் நிகழ்வதன்று. ஊரார் உள்ளமும் அதற்கு இசைதல் வேண்டும்.