ஆக்சுவலிக்கு என்ன வேலை?

அன்புள்ள முரளிக்கு,

'இன்டர்வியூவில் நான் ஆக்சுவலி என்றாலே எதிரே இருப்பவர் முகம் மாறுகிறது, என்ன தப்பு மாமா?' என்று கேட்டிருக்கிறாய். கேட்டாயே, நல்ல பிள்ளை. இப்போது கொஞ்சம் திட்டு வாங்கிக்கொள்.

'ஆக்சுவலி, மை நேம் இஸ் முரளி' என்று நீ ஆரம்பிப்பதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். உன் பெயர் முருகேசன் என்று அங்கே யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் உன் வாக்கியம் சரி. கேட்பவர் ஒன்று நினைத்திருக்க, உண்மை வேறாக இருந்தால்தான் இந்தச் சொல்லுக்கு வேலை. 'சென்னையா நீங்கள்?' என்றவரிடம் 'ஆக்சுவலி, ஐ ஆம் ஃப்ரம் மதுரை' என்று சொல், பொருத்தம். வரவே மாட்டாள் என்று எல்லாரும் நினைத்த பெரியக்கா கல்யாணத்துக்கு வந்தால், 'ஷீ ஆக்சுவலி கேம்'. 'வந்தேவிட்டாள்' என்கிறோமே, அந்த ஏகாரம் செய்கிற வேலைதான்.

உன் தப்பு எங்கே பிறந்தது என்று சொல்லட்டுமா? 'நான் வந்து, மதுரைலேர்ந்து வர்றேன்' என்று பேசுகிறோம் அல்லவா? அந்த 'வந்து'வை எழுப்பிவிட்டு ஆக்சுவலியை உட்கார வைத்துவிட்டாய். 'வந்து' யோசிக்க நேரம் கொடுக்கும், யாரையும் மறுக்காது. ஆக்சுவலி மறுக்கும். எதிரே இருப்பவர், தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று தேடுகிறார்.

'வெள்ளைக்காரர்களே சும்மா சும்மா சொல்கிறார்களே' என்பாய். சொல்கிறார்கள். ஆனால் நாளைக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு ஒருவர் 'ஆக்சுவலி...' என்று இழுத்தால், மீதியைச் சொல்லாமலே வரமாட்டார் என்று புரிந்துவிடும். சும்மா சொல்வதுபோல் தோன்றினாலும், நீ எதிர்பார்த்தது இல்லை என்ற குறிப்பு அதில் இருக்கிறது.

பாராட்டும்போது இன்னும் கவனம். தோழி எழுதிய ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு 'திஸ் இஸ் ஆக்சுவலி குட்' என்றாயானால், மோசமாகத்தான் எழுதியிருப்பாள் என்று நினைத்தேன் என்பதும் சேர்ந்தே போய்ச் சேரும். பிறகு அவள் பேசவில்லை என்று என்னிடம் வந்து நிற்காதே.

ஆக்சுவலிக்குப் பதிலாக 'ஃபேக்சுவலி' போடலாமா என்கிறாய். கூடாது. தகவல் சரியா தப்பா என்று பார்க்கிற இடத்துக்கானது அது. ஒரு கட்டுரையின் முடிவை நீ ஏற்காவிட்டாலும், அதிலுள்ள ஆண்டும் கணக்கும் சரியாக இருந்தால் 'ஃபேக்சுவலி கரெக்ட்' எனலாம். ஜெர்மன் வேறு படிக்கிறாய். அங்கே 'ஆக்டுவெல்' என்றால் 'தற்போதைய' என்று பொருள். ஆக்சுவலிக்கும் அதற்கும் லத்தீனில் வேர் ஒன்றுதான், பொருள் பிரிந்துவிட்டது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

எழுதும்போது ஆக்சுவலியை அடித்துவிட்டுப் படித்துப் பார். எதுவும் குறையவில்லையென்றால் அது அங்கே வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் உண்மை, உண்மை என்று சொல்லிக்கொண்டிருந்தால், நிஜமாகவே ஒரு தப்பைத் திருத்த வேண்டிய இடத்தில் உன் சொல்லுக்குக் கனம் இருக்காது. அந்தக் கனத்தை நீ இழக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு கண்டிக்கிறேன்.

அடுத்த இன்டர்வியூவில் பெயரைப் பெயராக மட்டும் சொல். இரண்டு வருடம் வேலை பார்த்த உன்னை 'ஃப்ரெஷரா?' என்று கேட்பார்கள் பார், அப்போது தாராளமாக ஆரம்பி: 'ஆக்சுவலி...'

அன்புடன்,
மாமா