பழைய கார் ரேடியோவின் அடக்க விலை



சரக்கு எடுக்கும்போது மூட்டையின் விலையோடு லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சேதாரம் அனைத்தையும் கூட்டி அடக்க விலை போடுவது நம் வழக்கம். காரில் கம்பெனி பொருத்திய ரேடியோ கெட்டு, பழைய செட் ஒன்றை மாட்டும்போதும் இதே கணக்கைப் போட வேண்டும். வாலிநோக்கம், ஏர்வாடி, சாயல்குடி என்று கடலோரமாகச் சரக்கு கொண்டு செல்லும் நமக்கு ரேடியோ வெறும் பாட்டுப் பெட்டி அன்று. புயல் காலத்தில் செல்போன் கோபுரம் நின்றுபோனாலும் எச்சரிக்கையைச் சொல்லக்கூடியது அது.

முதலில் பழைய செட் தேவையா என்று பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தாலோ, ஏரியல் வயர் கழன்றிருந்தாலோ இருக்கிற செட்டே பிழைத்துக்கொள்ளும். தொடுதிரை உள்ள புதிய கார்களில் பின்பக்க கேமராவும் வேறு அமைப்புகளும் அதோடு இணைந்திருக்கும். அவற்றில் கை வைக்கும் முன் சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள். வயரை வெட்டினால் கார் வாரண்டியில் சிக்கல் வரலாம்.

வாங்குவதென்றே முடிவானால், கவனிக்க வேண்டியவை ஆறு:

1. பில். சென்னை புதுப்பேட்டை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் பழைய செட்டுகள் கிடைக்கும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை உண்டு. முன்பு இது இந்தியத் தண்டனைச் சட்டம் 411ஆம் பிரிவு. 1-7-2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவு.

2. ரகசிய எண். பல கம்பெனி செட்டுகள் பேட்டரி இணைப்பு அறுந்ததும் பூட்டிக்கொண்டு, எண் கேட்கும். சில தடவை தவறாகப் போட்டால் முற்றிலும் முடங்கும். கடையிலேயே மின்சாரம் கொடுத்துப் பாட வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். உங்கள் கார் செட்டின் எண்ணையும் குறித்து வையுங்கள்.

3. அளவு. சாதாரண ஒற்றை செட்டின் முகப்பு ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். இரட்டை செட்டின் உயரம் 100. அளவு மாறினால் பிரேம், இணைப்பு பிளக் என்று தனிச்செலவு.

4. அலைவரிசை. ஜப்பான் நாட்டுக்காகச் செய்யப்பட்ட பழைய செட்டுகளில் எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். கொடைக்கானல் எஃப்.எம். 100.5 அதில் கிடைக்காது. அமெரிக்க செட்டுகள் மத்திய அலையில் 10 கிலோஹெர்ட்ஸ் வீதம் தாவும். நம் நாட்டு நிலையங்கள் 9 இடைவெளியில் உள்ளவை. தூத்துக்குடி வானொலிக்கு ஒதுக்கப்பட்ட 1053இல் அப்படிப்பட்ட செட் சரியாக நிற்காது.

5. மின்சாரம். கார் செட்டுக்கு 12 வோல்ட். பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருப்பதால், நேராகக் கொடுத்தால் கருகிவிடும். வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். தனியாக வாங்கி மாட்டும் செட்டுகளில் பொதுவாக மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் உள்ளது, சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். கம்பெனி செட்டுகளில் நிறம் மாறும். சோதித்துப் பார்த்தே இணைக்க வேண்டும். ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் போடுவது தீயை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம்.

6. உப்பு. மாரியூர் - வாலிநோக்கம் உப்பளங்களின் காற்று பித்தளையையும் செம்பையும் சும்மா விடுவதில்லை. பிளக் ஊசிகளில் பச்சை பூத்திருந்தால் அந்த செட் வேண்டாம். வயர்களை முறுக்கி டேப் ஒட்டி விடாமல், இறுக்கமான பிளக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கூடுதலாக மாட்டும் மின்சாதனங்களை இன்சூரன்ஸில் தனியாகச் சேர்த்துத் தொகை கட்டினால்தான் அவற்றுக்கு இழப்பீடு கேட்க முடியும். பில் அங்கேயும் உதவும்.

இனி கணக்குப் போடுங்கள்: செட் விலை, பிரேம், பிளக், எலக்ட்ரீஷியன் கூலி. இந்தத் தொகை உத்தரவாதத்தோடு வரும் புது செட்டின் விலையை நெருங்கினால் புதியதே லாபம். பாதியில் நின்றால் பழையதைத் தாராளமாக மாட்டலாம். எது வாங்கினாலும் பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.