சர்கியும் பாயாவும்: கர்வா சௌத் சீர்முறை

பஞ்சாபிக் குடும்பங்களில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நம்மவரிடையே இப்போது சகஜமாகிவிட்டது. கல்யாணத்தன்று இரு வீட்டு முறைகளையும் விசாரித்துச் செய்துவிடுகிறோம். அதற்குப் பின் வரும் பண்டிகைகளில்தான் தடுமாறுகிறோம். அவற்றுள் கர்வா சௌத் முக்கியமானது.

'கர்வா' என்பது மூக்கு வைத்த சிறு மண்குடம்; 'சௌத்' என்றால் சதுர்த்தி. வடக்கே மாதம் பௌர்ணமியோடு முடிவதால், அவர்கள் கணக்கில் இது கார்த்திகைத் தேய்பிறைச் சதுர்த்தி. நம் கார்த்திகை மாதத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் ஐப்பசியிலும், சில வருஷங்களில் புரட்டாசிக் கடைசியிலும் வரும். நாம் சங்கடஹர சதுர்த்தி விரதம் இருந்து சந்திரனைப் பார்ப்பதும் இதே நாளில்தான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மருமகள் பஞ்சாபிப் பெண். முதல் வருஷம் அவள் விரதம் இருக்கப் போகிறாள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் விடியுமுன் அவள் சாப்பிட வேண்டிய 'சர்கி'யை மாமியார்தான் தர வேண்டும் என்பது தெரியாது. கேட்டு வாங்குவது வழக்கமில்லை என்பதால் அவளும் வாய் திறக்கவில்லை. வெறும் வயிற்றோடு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் இரவு வரை இருந்தாள். சாயங்காலம் சம்பந்தியம்மா தொலைபேசியில் பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. என் மனைவி அன்று அழுதேவிட்டாள்.

சர்கித் தட்டில் பேனி, மத்ரி, பழங்கள், உலர்பழங்கள், இனிப்பு, தேங்காய் ஆகியவை இருக்கும். பேனி என்பது நூல் நூலாகப் பொரித்த சேமியா போன்றது. பாலில் ஊறவைத்துச் சாப்பிடுவார்கள். நம் கல்யாணப் பேணிக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று, உருவம் வேறு. கூடவே வளையல், பொட்டு, குங்குமம், மருதாணி, வசதிப்படி துணியும் வைப்பார்கள். தட்டை முதல் நாளே கொடுத்துவிடுவது நல்லது. தில்லியில் அந்தச் சமயம் சூரிய உதயம் 6.20-ஐ ஒட்டி இருக்கும். ஐந்து மணிக்கே எழுந்து சாப்பிட்டால்தான் சரியாக இருக்கும். பிறகு ஏறத்தாழ 14 மணி நேரம் உபவாசம். மாமியார் இல்லாத வீட்டில் மூத்த ஓரகத்தியோ வேறு பெரியவரோ கொடுக்கலாம்.

மாலையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பூஜைத் தட்டைக் கைமாற்றிக்கொண்டே, ஏழு சகோதரர்களுக்கு ஒரே தங்கையான வீராவதியின் கதையைக் கேட்பார்கள். அதன் பின் மருமகள் மாமியாருக்குத் தருவது 'பாயா'. மத்ரி, இனிப்பு, புடவை, கொஞ்சம் பணம். முதல் வருஷம் இது பெண்ணின் தாய்வீட்டிலிருந்து வரும். இங்கேயும் நாங்கள் தவறு செய்தோம். "இதெல்லாம் எதற்கம்மா?" என்று என் மனைவி பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நம் பக்கத்தில் அது பெருந்தன்மை. அவர்களுக்கோ, கொடுத்ததை ஏற்கவில்லை, ஆசி கிடைக்கவில்லை என்று பொருள். காலைத் தொட்டுக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு தலையில் கைவைத்து வாழ்த்துவதே முறை. பதிலுக்கு ஏதாவது செய்ய விரும்பினால் இன்னொரு நாள் செய்யலாம்.

அதற்காகப் பாயாவில் இன்னது வர வேண்டும் என்று பட்டியல் போடுவதை நான் ஏற்கமாட்டேன். நகையும் மின்சாதனமும் எதிர்பார்க்கும் வீடுகள் உண்டு. அதற்குப் பெயர் சீர் அல்ல, வசூல். நம்மவர்கள் மற்றதைக் கற்றுக்கொள்ளட்டும், இதை வேண்டாம்.

எல்லா ஊரிலும் ஒரே வழக்கம் என்றும் எண்ணிவிடக் கூடாது. உத்தரப் பிரதேசத்தில் பல குடும்பங்களில் சர்கி கிடையாது. அங்கே கர்வாவுக்குத்தான் முக்கியத்துவம். சர்க்கரையில் வார்த்த கர்வாகூடக் கடைகளில் விற்கும். சம்பந்தி வீட்டில் முன்கூட்டியே கேட்டுவிடுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

கடைசியாக, சந்திரோதயம். தில்லியில் பெரும்பாலும் இரவு எட்டு மணியை ஒட்டி. மும்பையில் ஏறக்குறைய 40 நிமிடம் தாமதம். மும்பை மேற்கே இருப்பது ஒரு காரணம். அந்த நாட்களில் சந்திரன் வானில் வடக்கே ஒதுங்கியிருப்பதால் வடக்கு ஊர்களில் முன்னதாகவே உதிப்பது இன்னொரு காரணம். செய்தித்தாளில் ஊர்வாரியாக நேரம் வரும். அடுக்குமாடிகளுக்கு மேலே நிலவு ஏறிவர இன்னும் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் சல்லடை, தண்ணீர்ச் செம்பு, சமையல் மூன்றும் தயாராக இருக்கட்டும்.