‘இருந்தாராம்’

லாஸ்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆங்கில மொழிபெயர்ப்பை நேற்று இரவு படித்தேன். நாற்பது பக்கச் சாட்சியத்தை செயற்கை நுண்ணறிவுச் செயலி பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மூன்றாம் சாட்சி, அந்த மீன் விற்கும் அம்மா, தமிழில் சொன்னது இது: “அவர் கடை வாசல்லதான் நின்னுக்கிட்டு இருந்தாராம்.” உன் ஆங்கிலத் தாளில் அவர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ‘ஆம்’ போய்விட்டது.

உன் கட்சிக்காரரின் தலையெழுத்தே அந்த ‘ஆம்’தான் தம்பி. அந்த அம்மா பார்க்கவில்லை, யாரோ சொல்லிக் கேட்டார். கண்ணால் கண்டதைக் கண்டவரே வந்து சொல்ல வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 55ஆம் பிரிவு. கேள்விப்பட்டவரைக் கண்ட சாட்சியாக்க, தமிழில் ஒரு விகுதி உதிர்ந்தால் போதும்.

நான் தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், வேறொரு ஊர் நீதிமன்றத்தில், இதே போல ஒரு ‘ஆம்’ தட்டச்சில் விழுந்துபோனது. விட்டது மனிதக் கை. நானும் நகலை ஒத்துப் பார்க்கவில்லை. என் கட்சிக்காரர் கூடுதலாகப் பதினொரு மாதம் சிறையில் கிடந்தார். அவர் மனைவி பெயில் கேட்டு வந்து என் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நம் புதுச்சேரிக்கு இது புதிதல்ல. நைனியப்பப் பிள்ளையைத் தெரியுமா? நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்கு உறவு, பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். 1716இல் ஆளுநர் எபேர் அவரைக் கைது செய்தார். சாட்சிகள் தமிழில் சொன்னதைப் பிரெஞ்சில் எழுதி, பிரெஞ்சு ஓர் எழுத்தும் தெரியாதவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். மொழிபெயர்த்தவரோ பிள்ளையோடு பகை கொண்டிருந்த இயேசு சபையாரைச் சார்ந்தவர். பிள்ளைக்கு ஐம்பது கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல். 1717இல் சிறையிலேயே இறந்தார். மகன் குருவப்பப் பிள்ளை கடல் கடந்து பிரான்சுக்குப் போய் முறையிட்டார். தீர்ப்பு பிழையென்று ஆனது, அப்பா திரும்பவில்லை. தான் சொன்னதாக என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சாட்சியே படிக்க முடியாத நிலைமை அன்று இருந்தது. உன் ஆங்கிலத் தாளை அந்த மீன்கார அம்மாவிடம் நீட்டினால் இன்றும் அதேதான்.

செயலியைத் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. சாட்சி போலீசிடம் சொன்னதில் ஏழரை மணி, கோர்ட்டில் சொன்னதில் எட்டேகால் என்று அது பிடித்துக் காட்டியதே, நானாக இருந்தால் இரவு இரண்டு மணிக்குக் கண் சொருகி அதைத் தாண்டியிருப்பேன். எங்கே முரண் என்று கேட்க அது நல்ல துணை. ஆனால் அது காட்டும் இடத்துக்குப் போய்த் தமிழ்ப் பக்கத்தை நீதான் படிக்க வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கீழமை நீதிமன்றங்களுக்குப் போட்ட விதியும் இதுதான்: தீர்ப்பைச் செயலி முடிவு செய்யக் கூடாது, அதன் மொழிபெயர்ப்பை மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும். இன்னொன்று. கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பொதுச் செயலியில் அப்படியே ஏற்றாதே. அவர் ரகசியம் உன்னை நம்பித் தந்தது.

நாளைக்கு முகம் அடையாளம் காணும் மென்பொருளை ஆதாரமாகக் காட்டும் வழக்கும் உன்னிடம் வரும். தமிழ்நாடு காவல்துறை 2021லிருந்தே அதை வைத்திருக்கிறது. டெல்லி போலீசுக்கு 80 சதவீதம் ஒத்துப்போனாலே ‘பொருத்தம்’. அமெரிக்காவில் 2020இல் டெட்ராய்ட் போலீசார் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை இந்த மாதிரி ஒரு பொருத்தத்தை நம்பி, மனைவி மக்கள் பார்க்க வீட்டு வாசலிலேயே விலங்கு மாட்டினார்கள். ஆள் அவர் இல்லை. விசாரணை அதிகாரி கூண்டில் ஏறியதும் கேள்: எத்தனை சதவீதம்? பட்டியலில் இரண்டாவதாக வந்த முகம் யாருடையது? மென்பொருள் சொன்ன பிறகு வேறு என்ன விசாரித்தீர்கள்? பதில் வரும்வரை உட்காராதே.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. ஆங்கிலத் தாள் வேண்டாம். அந்த அம்மாவின் சாட்சியத்தை நீ உரக்கப் படி, நான் கண்ணை மூடிக் கேட்கிறேன். எத்தனை ‘ஆம்’ இருக்கிறது என்று எண்ணுவோம்.

அன்புடன்,
உன் சீனியர்