பூட்டிக்குப் பெயர் இல்லையா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

உன் குடும்ப வரலாறு பற்றி நீ அனுப்பிய உரையைப் படித்துவிட்டேன். கோவையில் அன்று மாலை டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் பயிற்சிக் கூட்டத்தில் நீ அதைப் பேசியபோது கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் நான். குரலைப் பற்றியோ நின்ற விதத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லப்போவதில்லை. சிவப்பு அட்டை எழும்புமுன் ஏழு நிமிடத்துக்குள் முடித்தாய். 'ம்', 'வந்து' என்று எத்தனை தடவை இழுத்தாய் என்று ஒருவர் எண்ணிச் சொன்னார். மதிப்பீட்டாளர் உன் கையசைவைப் புகழ்ந்தார். அவரவர் பொறுப்பை அவரவர் செய்தார்கள். உரைக்குள் இருந்த மனிதர்களைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

முப்பாட்டன், பூட்டன், தாத்தா மூவருக்கும் உன் உரையில் பெயர் இருக்கிறது. முப்பாட்டன் பெயர் மட்டும் ஐந்து இடத்தில் வருகிறது. பெண்களோ 'அவர் மனைவி', 'பூட்டி', 'என் அப்பாயி'. ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது; இன்னும் ஆறவில்லை.

சமவெளியில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் ஒரு சாக்குச் சொல்லலாம். பத்திரத்தை எடுத்தால் இன்னார் மகன் இன்னார் என்றுதான் இருக்கும். மொய் நோட்டைப் புரட்டினாலும் ஊர், தொகை, ஆண் பெயர். நிலம் யார் பெயரில் இருந்ததோ காகிதமும் அவர்கள் பெயரில்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த உன் குடும்பத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. விடிகாலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டபோது உன் பூட்டியின் பெயரையும் கூப்பிட்டார்கள். செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் அவருக்குத் தனி வரி இருந்தது. கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி, விழுந்ததும் அந்த வரியில்தான். கொழுந்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்பது 1984-இல்தான் வந்தது. அதுவரை பெண்ணுக்குக் குறைவு. அந்தக் குறைந்த கூலியையும் பல வீடுகளில் புருஷனோ தகப்பனோதான் போய் வாங்கினார். கூலியைக் குறைத்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகூடப் பெயரை விடாமல் எழுதினார். கொள்ளுப்பேரன் நீ எழுதவில்லை.

அடுத்தது உன் உரையில் வரும் கண்ணீர். 1890-களில் உன் முப்பாட்டன் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினார் என்கிறாய். பாம்பன் ரயில் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தது 1914-இல். அதற்கு முன் போனவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பாதையிலேயே செத்தவர்கள் ஏராளம். தூத்துக்குடியில் ஏறிக் கொழும்பில் இறங்கியவர்களும் உண்டு. உன் முப்பாட்டன் எந்த வழியில் போனார்? தெரியாவிட்டால் இரண்டு வழியையும் சொல்லி, எது என்று தெரியவில்லை என்றும் மேடையிலேயே சொல்லியிருக்கலாம். சபை உன்னை மதித்திருக்கும். நீயோ அன்றைக்கு இல்லாத கப்பலில் அவரை நிறுத்தி, கரையைத் திரும்பிப் பார்க்கச் செய்து, அழவும் வைத்துவிட்டாய். அந்த அழுகையை உனக்கு யார் சொன்னது? நடந்து போனவருக்கு அழுவதற்கு எத்தனையோ காரணம் இருந்திருக்கும். அவற்றில் ஒன்றையாவது தேடிப் பார்த்தாயா?

தோட்டத் தமிழர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு முழுதாக ஒரு நிமிடம் கொடுத்திருக்கிறாய். 1964, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக் குடியுரிமை 3,00,000 பேருக்கு. இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். அந்த ஐந்தேகால் லட்சத்தில் உன் அப்பாயி எப்படிச் சேர்ந்தார், இந்தியாவுக்கு என்று முடிவெடுத்தபோது அவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதை உன்னைத் தவிர யார் போய் விசாரிக்க முடியும்?

நான் 1970-களில் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டம், இன்றைய டான்டீ, அப்போது விரிந்துகொண்டிருந்தது. ஜூன் மாதத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வரிசையில் நிற்பார்கள். பிறந்த ஊர் கேட்டால் அட்டன் என்பார்கள், மஸ்கெலியா என்பார்கள், பதுளை என்பார்கள். படிவத்தில் தகப்பன் பெயருக்கு மட்டும்தான் இடம். பேத்தியைச் சேர்க்க வந்த ஒரு மூதாட்டி, "அம்மா பேரையும் எழுதுங்க டீச்சர்" என்றார். இடம் இல்லை என்றேன். "ஓரத்துல எழுதுங்க" என்றார். தன் மகள் பெயரைச் சொன்னார். பிறகு தன் பெயர், தன் தாய் பெயர், தாயைப் பெற்றவள் பெயர், அவள் துறையூர்ப் பக்கம் எந்த ஊரிலிருந்து போனாள் என்பது வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லிமுடித்தார். எழுத்து அறியாதவர். எப்படி இதெல்லாம் ஞாபகம் என்று கேட்டேன். "எழவு வீட்ல பேரு சொல்லித்தானே டீச்சர் ஒப்பாரி வைக்கணும்" என்றார். படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் அத்தனை பெயரையும் எழுதினேன்.

அன்று முதல் குடும்ப வரலாறு என்று யார் வந்தாலும் முதலில் வீட்டில் ஒப்பாரி தெரிந்தவர் யார் என்றுதான் கேட்கிறேன். இளைஞர்கள் ஆவணக் காப்பகத்துக்கும் பதிவு அலுவலகத்துக்கும் ஓடுகிறார்கள், ஓடட்டும். தாய்வழி அங்கே அகப்படுவது அபூர்வம். அது அடுப்படியில், இழவு வீட்டில், சீர் கொண்டுபோன கதையில் இருக்கிறது. அதைச் சொல்லக்கூடிய பெண்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

உன் உரையில் ஓர் இடம் இருக்கிறது. டான்டீ தராசு கிலோவில் காட்டியதை அப்பாயி ஒவ்வொரு மாலையும் வாய்க்குள் முணுமுணுத்து இலங்கையில் பழகிய ராத்தலாக மாற்றிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்கு நடப்பார் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடம். தம்பி, எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் இடப்பெயர்வைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றை நான் கேட்டதில்லை. இதை நீ புனையவில்லை, கூடவே இருந்து பார்த்திருக்கிறாய். இது வாய்த்தவனுக்குக் கப்பல் எதற்கு, கண்ணீர் எதற்கு?

அப்பாயிக்கு எண்பது தாண்டிவிட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். இந்த ஞாயிற்றுக்கிழமையே போ. பிறப்புச் சான்று இருந்தால் தாய் பெயர் அதில் இருக்கும். வரும்போது கொண்டுவந்த பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் கேட்டுப் பார். காகிதம் ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தாய் செத்தபோது எப்படி ஒப்பாரி வைத்தார் என்று கேள். சொல்லும் பெயர்களில் ஒன்றையும் விடாமல் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
கோத்தகிரி