சிங்கப்பூர்ப் பிரயாணிகளுக்குச் சில குறிப்புகள்

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழ்ந்த நம் பாட்டனார்களுக்குச் சிங்கப்பூர் என்பது ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினம், பினாங்கு வழியாகப் பல நாள் கடல் கடந்து சேரவேண்டிய தூரதேசமாயிருக்க, நமக்கோ அது ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், நான்கேகால் மணி நேர ஆகாயப் பிரயாணம்.

ஆயினும் கடிகாரத்தை நம்பி ஏமாறலாகாது. சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியதாகையால், இரவு 11 மணிக்குப் புறப்படுகிறவர் அங்கே விடியற்காலை 5.45 அளவில் இறங்குவார். திரும்புகையில் அந்த இரண்டரை மணியும் வட்டியில்லாமல் கைக்கு வந்துவிடும். நள்ளிரவு கடந்து 1 மணிக்கு விமானமென்றால், சீட்டிலுள்ள தேதிக்கு முந்தின இரவே வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும் என்பதைப் படித்தவர்களும் மறந்துபோவது விசித்திரமே.

உண்மையில், விமான நேரத்தைவிட எண்ணூரிலிருந்து மீனம்பாக்கம் சேரும் நேரமே அநிச்சயமானது. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையை நம்புவதினும், விம்கோ நகர்வரை 2021இல் நீட்டப்பெற்று நேரே விமான நிலையத்துக்கு ஓடும் மெட்ரோ ரயிலில், பெட்டி மிகக் கனமாயில்லாதபட்சத்தில், ஏறிக்கொள்வது உத்தமம். அதுவும் இரவு 11 மணியளவில் ஓய்ந்துவிடுமாதலால், பின்னிரவு விமானத்துக்குச் செல்வோர் முன்னிரவிலேயே புறப்பட்டு, நிலையத்தில் சற்றுக் கண்ணயர்ந்தாலும் பாதகமில்லை.