ஊரிலிருந்து திரும்பிய முதல் வாரம்

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, பரனூர் டோல்கேட்டில் பஸ் ஊர்கிறது. கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது மணி நாலரை. அறைக்குப் போய்க் குளித்துவிட்டு ஒன்பதரைக்கு சீட்டில் உட்கார்ந்தால் இன்பாக்ஸில் நானூறு மெயில். பக்கத்து சீட்டுக்காரர் "பொங்கல் எல்லாம் எப்படிப் போச்சு?" என்று சும்மாதான் கேட்கிறார். பதில் சொல்லத் தொண்டை ஒத்துழைப்பதில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் வெளியூர்க்காரர்கள் பலருக்கு ஜனவரி மூன்றாவது வாரம் இப்படித்தான் தொடங்குகிறது. 2025-ல் தமிழக அரசு ஜனவரி 17-ஐயும் விடுமுறையாக்கியதால் 14 முதல் 19 வரை ஆறு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தது. ஆறு நாள் ஓய்ந்தவர் ஏழாம் நாள் தெம்பாகத்தானே வர வேண்டும்? வருவதில்லை. எரிச்சல், இன்னதென்று சொல்ல முடியாத துக்கம், எதிலும் மனம் நிற்காமை, 'இந்த வேலையே வேண்டாம்' என்ற எண்ணம். போதாததற்கு, 'லீவு முடிஞ்சதுக்கா இந்தப் பாடு?' என்று தன்மேலேயே ஒரு கூச்சம். முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். இது உங்கள் ஒருவரின் பலவீனம் இல்லை. ஆய்வாளர்கள் பலரிடம் அளந்து பார்த்த சங்கதி.

இஸ்ரேலிய ஆய்வாளர்கள் மினா வெஸ்ட்மன், டோவ் ஈடன் இருவரும் 76 அலுவலக ஊழியர்களை விடுமுறைக்கு முன்பும், விடுமுறையின்போதும், திரும்பிய பின்பும் கவனித்து 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். விடுமுறையில் வேலைச்சலிப்பு நன்றாக இறங்கியது. திரும்பிய மூன்றாம் நாளே மறுபடி ஏறத் தொடங்கி, மூன்றே வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஜெர்மனியில் பள்ளி ஆசிரியர்களிடம் நடத்திய இன்னோர் ஆய்வு (கூனெல், சொனன்டாக், 2011) நமக்கு இன்னும் உபயோகமானது. திரும்பியதும் வேலை வந்து அழுத்தியவர்களுக்கு விடுமுறையின் தெம்பு சீக்கிரம் கரைந்தது. மாலை நேரங்களில் ஓய்வெடுத்துக்கொண்டவர்களுக்கு மெதுவாகக் கரைந்தது.

எப்படியும் அந்தத் தெம்பு கரையத்தான் போகிறது. அதைப் பிடித்து வைக்கப் போராட வேண்டாம். எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதில்தான் நமக்குக் கொஞ்சம் பிடி இருக்கிறது. அதுவும் திரும்பி வரும் விதத்திலும், வந்த முதல் வாரத்திலும்தான்.

திரும்பும் நாள்

கடைசி நிமிடம்வரை ஊரில் இருந்துவிட்டு ஞாயிறு இரவு பஸ் ஏறுவதை நம்மில் பலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். எனக்கு அது நஷ்டக் கணக்காகத்தான் தெரிகிறது. அந்தக் கடைசிச் சாயங்காலத்தை யாரும் நிம்மதியாக அனுபவிப்பதில்லை. மூன்று மணியிலிருந்தே பை கட்டுவதும், ஆப்பில் பஸ் எங்கே வருகிறது என்று பார்ப்பதுமாகப் போகிறது. அதற்குக் கொடுக்கும் விலை ஒரு முழு ராத்திரித் தூக்கம்.

ஏற்கெனவே தூக்கம் தடம் மாறித்தான் இருக்கும். ஊரில் திண்ணைப் பேச்சு இரவு ஒரு மணிவரை, எழுவது எட்டரைக்கு, மதியம் கறிச்சோற்றுக்குப் பின் இரண்டு மணி நேரத் தூக்கம். உடலுக்குள் ஓடும் கடிகாரத்தை ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்த்த முடியும். மூன்று மணி நேரம் தள்ளிப்போன தூக்கம் திங்கட்கிழமை காலையில் தானாகச் சரியாகிவிடாது. புதன், வியாழன் ஆகும். திங்கட்கிழமை மந்தத்தில் பெரும்பகுதி இதுதான். மனசு சரியில்லை என்று நாம் எழுதிவைத்துக்கொள்ளும் கணக்கில் பாதி, தூக்கத்தின் கடன்.

ஆகவே பகல் வண்டியில் வாருங்கள், முடிந்தால் சனிக்கிழமையே. மதுரைக்காரர்களுக்கு வைகை, காரைக்குடிப் பக்கத்தவர்களுக்குப் பல்லவன், கோவைக்கு இன்டர்சிட்டி எக்ஸ்பிரஸ், நெல்லைக்கு 2023 முதல் வந்தே பாரத். எல்லாம் காலையில் கிளம்பி அன்று மதியமோ அதையொட்டியோ சென்னை வந்துவிடுபவை. வந்த மாலையில் துணி துவைத்து, மாவு வாங்கி ஃபிரிட்ஜில் வைத்து, பத்தரைக்குப் படுத்தாலே திங்கட்கிழமையின் முகம் வேறாக இருக்கும்.

இரவு பஸ்ஸைத் தவிர வழியில்லை என்றால் திங்கட்கிழமை முற்பகலுக்கு அரை நாள் லீவு, லீவு கேட்கும்போதே சேர்த்துக் கேட்டுவிடுங்கள். காலை எட்டு மணிக்கு 'பஸ் லேட்' என்று மெசேஜ் போடுவதைவிட அது கௌரவம். தவிர, பொங்கல் மறுவாரத்தில் அந்த மெசேஜை எந்த டீம் லீடரும் நம்புவதில்லை.

முதல் மூன்று நாள் காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் மொட்டை மாடியிலோ தெருவிலோ வெயில் படும்படி நடங்கள். காலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். ஜனவரியில் சென்னையில் ஆறரை மணி வாக்கில்தான் விடிகிறது. ஆறே முக்காலுக்கு நடந்தால் போதும். மதியம் மூன்று மணிக்கு மேல் காபி வேண்டாம். குடித்த காபியின் கஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

முதல் காலை

நானூறு மெயிலையும் பழையதிலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். புதியதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஒரே விஷயத்தில் இருபது மெயில் ஓடியிருந்தால் கடைசி மெயில் பெரும்பாலும் கதையின் முடிவைச் சொல்லிவிடும், முந்தைய பத்தொன்பதையும் நீங்கள் வாழ்ந்து பார்க்க வேண்டியதில்லை. உங்கள் பெயருக்கு நேராக வந்தவை, மேலதிகாரியிடமிருந்து வந்தவை, வாடிக்கையாளரிடமிருந்து வந்தவை, இந்த மூன்றை மட்டும் தனியே எடுங்கள். நகலாக வந்தவை வெள்ளிவரை கிடக்கட்டும். அவசரமானது என்றால் இதற்குள் யாராவது போன் செய்திருப்பார்கள்.

மெயிலைவிட வேகமான வழியும் ஒன்று உண்டு. லீவுக்குப் போகாமல் இருந்த சக ஊழியரை டீ குடிக்கக் கூப்பிட்டு, 'நான் இல்லாதப்ப என்ன மாறிச்சு, எது எரியுது?' என்று கேளுங்கள். பதினைந்து நிமிடத்தில் அவர் சொல்வதை இன்பாக்ஸிலிருந்து பொறுக்கி எடுக்க உங்களுக்கு அரை நாள் ஆகும். முறுக்கு டப்பாவை அங்கேயே திறக்கலாம். எல்லோரும் ஊருக்குப் போயிருந்தபோது அவர் ஒருவராக ஆபீஸைப் பார்த்துக்கொண்டார் என்பது நினைவிருக்கட்டும்.

முதல் நாள் ஏதாவது ஒரு வேலையை முடித்துவிடுங்கள். சின்னதாக இருக்கட்டும், ஆனால் முழுதாக முடிய வேண்டும். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி முந்தையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் சோதனைகள் மூலம் காட்டினார். ஆறு நாள் இடைவெளிக்குப் பிறகு பத்து வேலையைத் தொட்டு ஒன்றையும் முடிக்காமல் வீட்டுக்குப் போவதுதான் 'ஒண்ணுமே ஓடல' என்ற உணர்வின் நேரடிக் காரணம்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மாலைக்கு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். லீவு எடுத்த குற்ற உணர்ச்சியில் இரவு பத்துவரை உட்கார்ந்து ஈடுகட்டுகிறோமே, அப்படி அழுத்தும் வேலைதான் அந்த ஜெர்மன் ஆசிரியர்களின் தெம்பைத் தின்றது. 'இவ்வளவும் இன்றைக்கே வேண்டுமா?' என்று மேலதிகாரியிடம் கேட்கத் தயங்குபவர்கள், கேள்வியை இப்படித் திருப்பிப் போடலாம்: "சார், என்கிட்ட இப்போ இந்த நாலும் நிக்குது. ரெண்டு இன்னிக்கு முடியும். எந்த ரெண்டு முதல்ல வேணும்?" மறுப்பதற்கு இதில் எதுவும் இல்லை. தேர்வு அவருடையது, அளவு உங்களுடையது.

உள்ளே கிடப்பது

இதுவரை சொன்னது வேலையின் சுமை. ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த சுமை வேறு.

சிலர் ஊருக்குப் போனதே ஓய்வுக்கு அல்ல. கல்யாணமான பெண்களில் பலருக்குப் பொங்கல் என்பது மாமியார் வீட்டு அடுப்படி. போகிக்கு வீடு கழுவுவதிலிருந்து காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டுவதுவரை நின்றே கழிந்த நாட்கள். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், விடுமுறை போய் வந்தவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை என்று தெரிந்தது. மிக நிம்மதியாக விடுமுறை கழித்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் மிச்சம் இருந்தது. அடுப்படியில் கழிந்த ஐந்து நாளை 'லீவு' என்று ஆபீஸ் கணக்கில் எழுதலாம். உடம்பின் கணக்கில் அது வேறு ஷிப்ட். அப்படித் திரும்பியவர்கள் 'ஐந்து நாள் ஓய்வெடுத்தும் இப்படி இருக்கிறேனே' என்று தங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். திரும்பிய வாரத்து ஞாயிறை யாருக்கும் தராமல் தனக்கென வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கும் அதில் வேலை உண்டு: அன்று சமையல் அவருடையது, அல்லது ஹோட்டலுடையது.

இன்னும் சிலர் சொந்தக்காரர்களின் கேள்விகளோடு திரும்பியிருப்பார்கள். 'எவ்வளவு வாங்குற?', 'இன்னும் அதே கம்பெனிதானா?', 'கல்யாணம் எப்போ?' பந்தியில் சிரித்துச் சமாளித்த கேள்விகள் திங்கட்கிழமை ஆபீஸில்தான் வேலையைக் காட்டும். சித்தப்பா மகன் பெங்களூரில் வாங்கும் சம்பளம் காதில் விழுந்த பிறகு, நேற்றுவரை பிடித்திருந்த வேலை கசக்கும். இந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது என்று பெயர் சொல்லி அடையாளம் கண்டாலே பாதி இறங்கிவிடும். அது உங்கள் வேலையைப் பற்றிய செய்தி அல்ல. பந்தியில் பக்கத்து இலையைப் பற்றிய செய்தி.

கனமானது அப்பா அம்மாவைப் பற்றியது. போன தீபாவளிக்கு மாடிப்படி ஏறியவர் இந்தப் பொங்கலுக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். மாத்திரை டப்பா பெரிதாகியிருக்கும். கிளம்பும்போது 'நல்லாத்தான் இருக்கேன், நீ போ' என்று சொல்லியிருப்பார்கள். இந்தக் கவலைக்கு மூச்சுப் பயிற்சி மருந்தல்ல, செய்து முடிக்கக் கூடிய காரியம்தான் மருந்து. முதல் வாரத்திலேயே ஒன்றைச் செய்யுங்கள்: பக்கத்து வீட்டுக்காரர் நம்பரை வாங்கி வையுங்கள், ரத்தப் பரிசோதனைக்கு வீட்டுக்கே வந்து எடுப்பவரை ஏற்பாடு செய்யுங்கள், தினமும் பேசும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒரு மணி நேரம் பேசுவதைவிட தினமும் இரவு எட்டரைக்கு ஐந்து நிமிடம் பேசுவது இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி. ஒரு காரியம் நடந்தால் கவலை முழுதாகப் போகாது, ஆனால் ஆபீஸ் நேரத்தில் உங்கள் நாற்காலியில் வந்து உட்காராது.

பணத்தைப் பற்றி ஒரு வரி. துணிமணி, சீர், ஆம்னி பஸ் கட்டணம் எல்லாம் போக மாதக் கடைசிவரை கையில் என்ன இருக்கிறது என்று திங்கள் இரவே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். தெரியாத தொகைதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

ராஜினாமாக் கடிதம்

திரும்பிய முதல் பத்து நாளில் ராஜினாமா எழுதாதீர்கள். எழுதியே தீர வேண்டும் போலிருந்தால், கடிதமாக அல்லாமல் நோட்டில் எழுதுங்கள்: எது தாங்கவில்லை, யார், எந்த நேரம், எந்த வேலை. பிப்ரவரி முதல் வாரத்தில் எடுத்துப் படியுங்கள். 'வீட்டு ஞாபகம், தூக்கம் இல்லை' என்று இருப்பவை அதற்குள் மங்கியிருக்கும். அதே மேலாளர், அதே ஷிப்ட், அதே அவமானம் என்று அப்படியே நிற்பவை நிஜமான காரணங்கள். வேலை மாறுவதானால் அந்தப் பட்டியலோடு மாறுங்கள். இல்லாவிட்டால் புதுக் கம்பெனியிலும் அடுத்த பொங்கல் வரும்.

இரண்டு வாரம் கடந்தும் தூக்கமோ பசியோ திரும்பவில்லை, பிடித்தவற்றிலும் ஈடுபாடு இல்லை, காலையில் எழவே பயமாக இருக்கிறது, அழுகை அடங்கவில்லை என்றால் அதை விடுமுறைக் கணக்கில் எழுத வேண்டாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றே கூப்பிடுங்கள்.

டீம் நடத்துபவர்களுக்கு

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரிவ்யூ மீட்டிங் வைக்காதீர்கள், புதன்கிழமை வையுங்கள். லீவில் இருப்பவரை வாட்ஸ்அப்பில் 'ஒரே ஒரு சந்தேகம்' என்று தொடாதீர்கள். அந்த ஒரு சந்தேகம் அவருடைய ஒரு மாலையைத் தின்கிறது. ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம் 2014-ல், விடுமுறையில் இருக்கும் ஊழியர் விரும்பினால் அவருக்கு வரும் மெயில்கள் தானாக அழிந்துபோகும்படி ஏற்பாடு செய்தது. அனுப்பியவருக்கு வேறு யாரைக் கேட்கலாம் என்று பதில் போகும். அந்த அளவுக்கு நம் கம்பெனிகள் போகாது. யார் இல்லாதபோது யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுவதற்கு ஜெர்மனி தேவையில்லை.

அடுத்த டிக்கெட்

நெதர்லாந்து ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: விடுமுறை போகவிருந்தவர்கள், கிளம்பும் முன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஆகவே அடுத்த பயணத்தின் தேதியை இந்த வாரமே குறித்துவிடுங்கள். சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 14. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அதாவது பிப்ரவரி இரண்டாம் வார வாக்கில், காலை 8 மணிக்கு. போகும் டிக்கெட்டுக்கு இரவு பஸ்ஸோ நண்பரின் காரோ எதுவும் சரிதான். திரும்பும் டிக்கெட்டை முதலில் போடுங்கள், வேலைக்குப் போகும் நாளுக்கு முந்தின நாள் பகல் வண்டியில். பண்டிகை நாட்களில் அந்த சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஏழே முக்காலுக்கே லாகின் செய்து உட்காருங்கள்.